அனுமதிக்குக் காத்திருந்த பலாப்பழங்கள்

ஒரு காட்டில் ஒரு தேர்தல் அதிகாரி இருந்தது. காட்டுக் கதையைச் சிங்கத்தில் தொடங்காமல் இதென்ன அதிகாரியில் தொடங்குகிறது என்று கேட்காதீர்கள். சிங்கம் போன தேர்தலில் டெபாசிட் இழந்துவிட்டது. இப்போது பக்கத்துக் காட்டில் மகள் வீட்டோடு இருக்கிறது.

அதிகாரி ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த எறும்புதின்னி என்றால் உங்களுக்குத் தெரிந்துவிடும். பெயர் சுருளாண்டி. யாராவது குரலை உயர்த்தினால் போதும், பந்தாகச் சுருண்டுகொள்ளும். கத்தியவர் களைத்து, கூட்டம் கலைந்து, கடைசி ஆள் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் மூக்கை மெல்ல வெளியே நீட்டும். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை ஏன் அதிகாரியாக வைத்தார்கள் என்றால், அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அந்தக் காட்டில் கொடுக்கல் வாங்கல் எல்லாம் பலாப்பழத்தில்தான். சம்பளம் என்றாலும் பலா, அபராதம் என்றாலும் பலா. அந்தப் பலாவைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறாத ஒரே பிராணி அழுங்கு. எறும்பைத் தவிர வேறொன்றும் அதற்கு இறங்காது. பொதுச் சொத்தைக் கையாள இதைவிடத் தோதான ஆள் கிடைக்காது என்று சபையே ஏகமனதாகச் சொல்லி நியமித்தது.

காட்டின் நடுவே ஓர் ஓடை. மழைக்காலம் வந்தால் அதில் இறங்கிய பிராணி திரும்பி வராது. தேர்தலோ எப்போதும் மழைக்காலத்தில்தான் வரும். ஏன் என்று கேட்டால் மரபு என்பார்கள். ஓட்டுப்பெட்டி இக்கரையில் இருந்தது. உப்புப்பாறையும் இக்கரையில்தான் இருந்தது. அவ்வப்போது போய் அந்தப் பாறையை நக்கிவிட்டு வராவிட்டால் குட்டிகள் கால் தொய்ந்து படுத்துவிடும். ஆனால் பாறை இக்கரைக்காரர்களுக்கு மட்டும் என்று சபை தீர்மானம் போட்டு, ஒரு காட்டெருமையைக் காவலுக்கும் நிறுத்தியிருந்தது. அக்கரைக்காகச் சபையில் பேச ஆள் இல்லை. ஆள் இல்லாததற்குக் காரணம் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாததற்குக் காரணம் ஓடை.

போன தேர்தலில் அக்கரைப் பிராணிகள் கரையோரம் வரிசையில் நின்று, தங்கள் ஓட்டைத் தொண்டை கிழியக் கூவின. கூவியது பெட்டிக்குள் விழவில்லை என்று சபை அத்தனையையும் தள்ளுபடி செய்தது. அந்த முடிவைக் கரையில் நின்று படித்துச் சொல்லும் வேலை சுருளாண்டி தலையில் விழுந்தது. அக்கரையில் முன்வரிசையில் முள்ளாச்சி என்கிற முள்ளம்பன்றி நின்றது. வாயும் முள்தான், மனசு மட்டும் இல்லை. அது கோபப்பட்டிருந்தால் சுருளாண்டி வழக்கம்போலச் சுருண்டு தப்பித்திருக்கும். முள்ளாச்சி கோபப்படவில்லை, "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது. சுருளாண்டிக்கு அதுதான் பொறுக்கவில்லை. அடுத்த தேர்தலுக்குள் பாலம் போட்டுத் தருகிறேன் அக்கா என்று அதன் முதுகைப் பார்த்துச் சத்தியம் செய்துவிட்டது.

சத்தியம் செய்வது சுலபம். பாலத்துக்குப் பலா வேண்டுமே. சபையிடம் கேட்டபோதெல்லாம் கஜானா காலி என்று பதில் வந்தது. வருடக்கணக்கில் இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் பெருங்காட்டிலிருந்து வண்டி வந்தது. சுற்றியுள்ள சின்னக் காடுகளுக்கெல்லாம் மேலே இருப்பது பெருங்காடு. எல்லாக் காடுகளிலும் தேர்தல் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று அதற்குத் திடீரென்று அக்கறை வந்து, காட்டுக்கு ஒரு வண்டி பலா அனுப்பியிருந்தது. வழியில் கெட்டுப்போகாதிருக்க எல்லாம் முற்றிய காய்கள். தேர்தல் வேலைக்கு மட்டும் செலவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

சுருளாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே வேழாயி என்ற பெண் யானையிடம் ஓடியது. வேழாயிக்கு மரம் தூக்குவதும் அடுக்குவதும் பிறந்த வீட்டுத் தொழில். ஓடைமேல் மரங்களைக் குறுக்கே போட்டு இறுக்கிக் கட்ட அரை நாள் போதும், காய் பழுத்ததும் கூலியைக் கொடுங்கள் சார் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே மரங்களைக் கரைக்கு இழுத்து வந்து போட்டது. அக்கரையிலிருந்து பார்த்த குட்டிகள் குதித்தன. இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் நல்ல கதையாகியிருக்கும்.

அன்று மாலையே சபை கூடியது. சபைத் தலைவர் ஒரு கரடி. மற்றப் பிராணிகளை "அது" என்று சொல்லும் எனக்கு, பதவியில் இருப்பவரை அப்படிச் சொல்லத் துணிச்சல் இல்லை. ஆகவே கரடியார் எழுந்தார், தொண்டையைச் செருமினார்.

"பெருங்காட்டு மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இன்னிக்குப் பலா அனுப்புறவன், நாளைக்கு யாருக்கு ஓட்டுப் போடணும்னு சீட்டு அனுப்ப மாட்டான்னு என்ன நிச்சயம்? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு அடுத்த வீட்டுக்காரன் பந்தி போட்டா, மாப்பிள்ளைய அவன்தானே முடிவு பண்ணுவான்?"

இந்தக் கதையில் சங்கடமான இடம் இதுதான். கரடியார் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. சுருளாண்டியே, யாராவது ஒருத்தர் மேற்பார்வை பார்ப்பது நல்லதுதான் என்று உள்ளுக்குள் நினைத்தது. அப்பாவி. பார்க்கப்போவது யார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

தேர்தலுக்கென்று வெளியிலிருந்து எது வந்தாலும், சபையின் அனுமதி இல்லாமல் அதிகாரி அதில் ஒரு சுளையைக்கூடச் செலவு செய்யக் கூடாது என்று சட்டம் நிறைவேறியது. அனுமதி தர ஒரு கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். தலைவர் கரடியார். உறுப்பினர் ஓணான். ஓணானுக்குத் தலையாட்டுவது பிறவிக் குணம், எதைக் கேட்டாலும் ஆட்டும். இதற்கு நீ சம்மதமா என்று மட்டுமே அதைக் கேட்பார்கள், இதை நீ எதிர்க்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை. இன்னோர் உறுப்பினர் ஆந்தை. கேமரா வாங்கச் செலவாகும் என்று ஆந்தையைப் பலாக் கொட்டகையின் உத்தரத்தில் உட்கார வைத்து, அதையே கேமரா என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள். பகல் முழுவதும் கேமரா கண்ணை மூடித் தூங்கும். குழுவும் பகலில்தான் கூடும்.

சுருளாண்டி அனுமதி கேட்டு மனு எழுதியது. வாழையிலையில் எழுதினால் தேக்கிலையில் எழுதி வா என்றார்கள். தேக்கிலையில் எழுதினால் காய்ந்த இலை செல்லாது என்றார்கள். பச்சைத் தேக்கிலையில் எழுதிக்கொண்டு போனால், காயாத இலையில் முத்திரை பதியாது, காய வைத்து எடுத்து வா என்றார்கள். மனுக் கொடுக்கும் இடத்தில் சுருளாண்டியைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. இருந்தாலும் டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். டோக்கன் எடுத்து நின்றால், இன்றைக்கு டோக்கன் முடிந்துவிட்டது என்றார்கள்.

பழம் உண்மையிலேயே பழம்தானா என்று தெரியாமல் எப்படி அனுமதி தருவது? அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் மாதிரிக்கென்று ஒரு பலாவைப் பிளந்தார்கள். கரடியார் சுளை சுளையாகத் தின்று முடித்து, கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு, இன்னும் தெளிவு வரவில்லை என்பார். ஓணான் தலையாட்டும். கூட்டம் ஒத்திவைக்கப்படும்.

ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் முள்ளாச்சி அக்கரைக்கு வந்து நிற்கும். முதலில் எல்லாம் பாலம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு கேட்பதையும் விட்டுவிட்டுச் சும்மா நின்றது. ஒருநாள் மட்டும் வாயைத் திறந்தது.

"கடைக்குட்டி எந்திரிக்கவே மாட்டேங்குது தம்பி. ஓட்டுப் போட்டு, நம்ம ஆளு ஒண்ணு சபைக்குப் போயி, பாறையத் தொறந்தாத்தான் புள்ள பொழைக்கும் போல."

"வந்துரும்க்கா. மனு நகருது."

மனு நகரவில்லை என்பது சுருளாண்டிக்குத் தெரியும். பொய் சொன்ன வாயோடு வீட்டுக்குப் போக அதற்குக் கூசியது. நேரே வேழாயியிடம் போய் நின்றது. வேழாயி கூலியே வேண்டாம், சும்மா போட்டுத் தருகிறேன் சார் என்றது. சுருளாண்டி சந்தோஷத்தில் வால் தரையில் பட ஓடி, குழுவிடம் சொன்னது. கூலி வாங்காமல் செய்தால் அது நன்கொடை, தேர்தலுக்கு நன்கொடை வாங்க அதிகாரிக்கு அதிகாரம் இல்லை, வேண்டுமானால் தனியாக ஒரு மனுப் போடு என்றார் கரடியார். காய்ந்த இலையா பச்சை இலையா என்று கேட்கச் சுருளாண்டிக்கு மனம் வரவில்லை.

பலா பழுத்துக்கொண்டே போனது. அனுமதி மட்டும் காயாகவே இருந்தது. வாசனை காடு முழுக்கப் பரவியது. குட்டிகள் தூக்கத்தில் சப்புக்கொட்டின. பழம் வெடிக்க ஆரம்பித்ததும் எறும்புகள் வந்தன. அவை டோக்கன் எடுக்கவில்லை, மனுவும் போடவில்லை. ஒழுங்காக ஒற்றை வரிசையில் வந்து, சுளையைத் துணுக்குத் துணுக்காக எடுத்துக்கொண்டு போயின.

சுருளாண்டி அலறிக்கொண்டு குழுவிடம் ஓடியது. பழத்தை வேறு இடத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்டால், அனுமதி இல்லாமல் பழத்தைத் தொடக் கூடாது என்றார் கரடியார். அப்படியானால் எறும்பு தின்கிறதே என்றால், ஒரு சுளை குறைந்தாலும் அதற்கு நீதான் பொறுப்பு என்று எழுதியே கொடுத்துவிட்டார். பாவம், சுருளாண்டி கொட்டகை வாசலில் உட்கார்ந்து சட்டத்தை மனத்துக்குள் முன்னும் பின்னுமாகப் படித்துப் பார்த்தது. பழத்தைத் தொடக் கூடாது என்றுதான் இருந்தது. எறும்பைத் தொடக் கூடாது என்று அதில் எங்குமே இல்லை.

ஓர் அழுங்கைத் தவிர வேறு எந்தப் பிராணிக்கும் இப்படி ஒரு வழி தோன்றியிருக்காது. பெருங்காட்டு நிதியைக் காப்பாற்றும் ஒரே நோக்கத்தோடு சுருளாண்டி கொட்டகைக்குள் போய், தன் நீண்ட நாக்கை நீட்டி எறும்புகளைத் தின்ன ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, பலாச்சாறு குடித்த எறும்புகள் தித்தித்தன. கடமை இவ்வளவு ருசியாக இருக்கும் என்று பணியில் சேர்ந்த நாளிலிருந்து அதற்கு யாரும் சொன்னதில்லை. கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது. ஆனாலும் எறும்பு குறைந்தது, பழம் பிழைத்தது. பொழுது சாய்ந்தது கூடத் தெரியாமல் நக்கிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்ந்தால் கேமரா விழித்துக்கொள்ளும் என்பதை அது மறந்துவிட்டது.

மறுநாள் இக்கரைப் பிராணிகளெல்லாம் வேடிக்கை பார்க்கக் குழு கூடியது. அதற்கு அடுத்த நாள் தேர்தல். ஆந்தை தூக்கக் கலக்கத்திலேயே சாட்சி சொன்னது. அதிகாரியின் நாக்கு பழத்தின் மேல் போய் வந்ததைப் பார்த்ததாம், உதட்டில் சாறு வழிந்ததையும் பார்த்ததாம். பழத்தைத் தின்னவில்லை, எறும்பைத்தான் தின்றேன் என்று சுருளாண்டி சொன்னது. கரடியார் அதை மறுக்கவே இல்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

"அப்படியே இருக்கட்டும். நிதிய எறும்பு தின்னுச்சு. எறும்ப அதிகாரி தின்னாரு. அப்ப நிதி இப்ப எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் சுருளாண்டியின் வயிற்றைப் பார்த்தார்கள். அத்தனை வாரமும் மாதிரி தின்று பெருத்திருந்த கரடியாரின் வயிறு மேசைக்குப் பின்னால் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. கூட்டத்தில் யாரோ "திருடன்" என்று கத்தினார்கள். அவ்வளவுதான், சுருளாண்டி பந்தாகச் சுருண்டுவிட்டது. சுருண்டது குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம் அல்லவா என்று கரடியார் ஓணானைக் கேட்டார். ஓணான் தலையாட்டியது. சுருளாண்டியை வேலையை விட்டு நீக்கினார்கள். அதன் இடத்தில் ஓணானை அமர்த்தினார்கள். மிச்சமிருந்த பழங்கள் சாட்சிப் பொருளாகக் கரடியாரின் குகைக்குப் போயின.

கூட்டம் கலைந்த பிறகும் சுருளாண்டி வெகுநேரம் விரியவில்லை. உள்ளே இருட்டில் அழுதுகொண்டிருந்தது. வேலை போனதற்காக அழவில்லை, அக்கரையில் நிற்கப்போகும் முள்ளாச்சியை நினைத்துத்தான் அழுதது. மழை பிடித்துக்கொண்டது. நனைகிறோமே என்று மூக்கை நீட்டிப் பார்த்தால், எதிரே வேழாயி நின்றது.

"இனிமே நீங்க சார் இல்லல்ல?" என்று கேட்டது வேழாயி.

"இல்ல."

"அப்ப உனக்கு எதுக்குடா தம்பி அனுமதி?"

சுருளாண்டிக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெல்ல விளங்கியது. அதிகாரி பலாவைச் செலவு செய்யக் கூடாது என்றுதான் சட்டம். அதிகாரி நன்கொடை வாங்கக் கூடாது என்றுதான் கரடியார் சொன்னார். வேலை போன ஓர் எறும்புதின்னியும் பொழுது போகாத ஒரு யானையும் மழையில் நனைந்துகொண்டே ஓடைமேல் மரம் அடுக்கினால், அதைக் கேட்க எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது. இவ்வளவு வாரமாகப் பாலத்துக்குக் குறுக்கே கிடந்தது தன்னுடைய பதவிதான் என்று தெரிந்ததும் அதற்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வேழாயி மரங்களைத் தூக்கிப் போட்டது. சுருளாண்டி கொடிகளைப் பல்லாலும் நகத்தாலும் இழுத்து... இல்லை, அழுங்குக்குப் பல் கிடையாது, நகத்தால் மட்டும் இழுத்துக் கட்டியது. இருட்டுவதற்குள் பாலம் முடிந்துவிட்டது. வேழாயி போகும்போது ஒரே ஒரு பேச்சுதான் பேசியது.

"நாம போட்டோம்னு வாய் தவறிக்கூட வெளிய சொல்லிடாத. சொன்னா எந்த மனுவுல போட்டீங்கன்னு கேப்பாங்க. மரத்தப் பிரிச்சுடுவாங்க."

காலையில் அக்கரை முழுவதும் பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தது. முயல்கள், கீரிகள், குட்டியைக் கவ்விக்கொண்ட முள்ளம்பன்றிகள். விஷயம் தெரிந்து கரடியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். பாலத்தைப் பார்த்தார், வருகிற கூட்டத்தைப் பார்த்தார், கூட்டத்தில் எத்தனை ஓட்டு என்று பார்த்தார். பாலத்தை இடிக்க யானை வேண்டும். திறந்து வைக்க ஒரு கொடி போதும். பக்கத்து மரத்திலிருந்து ஒரு கொடியை இழுத்துப் பாலத்துக்குக் குறுக்கே கட்டச் சொல்லி, அதைத் தாமே கடித்து அறுத்தார்.

கண்காணிப்புக் குழுவின் அயராத உழைப்பால் கிடைத்த பாலம் இது என்றார். பெருங்காட்டின் பலாவை ஊழல் அதிகாரியிடமிருந்து காப்பாற்றி, ஒரு சுளைகூட வீணாகாமல் கட்டியதாம். உப்புப்பாறை பற்றி ஆராய விரைவில் ஒரு குழு அமைப்பதாகவும் வாக்குக் கொடுத்தார். அக்கரைப் பிராணிகள் காலைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தன. முள்ளம்பன்றிகள் முள்ளைக் குலுக்கின. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சுருளாண்டி வாயைத் திறந்தது. தூரத்தில் வேழாயி பாலத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டது.

வரிசை நீளமாக இருந்தது. முள்ளாச்சி கடைக்குட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சுருளாண்டியிடம் விட்டுவிட்டு ஓட்டுப் போடப் போனது. உப்புப்பாறைக் காவல் எருமையும் அந்த வரிசையில்தான் நின்றது. சுருளாண்டி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு பாறைக்குப் போனது. குட்டி முதலில் முகர்ந்தது, பிறகு நக்கியது, பிறகு நிறுத்தவே இல்லை. திரும்பி வரும்போது அது தானே நடந்து வந்தது. சுருளாண்டிக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம், அதிகாரியாக இருந்த வருடங்களில் ஒருநாளும் இருந்ததில்லை.

சாயங்காலம் எண்ணி முடித்தார்கள். கரடியாருக்கு இதுவரை யாரும் வாங்காத அளவு ஓட்டு. அக்கரை ஓட்டில் ஒன்றுகூட வேறு பக்கம் போகவில்லை.

வீடு திரும்பப் பாலத்தில் கால் வைக்கும் முன் முள்ளாச்சி சுருளாண்டியிடம் வந்தது. குட்டி அதன் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. கரடியார் வந்த நேரம் புள்ள எந்திரிச்சு நடக்குது பாரு என்று பூரித்துப் போனது. பிறகு சுருளாண்டியின் முகத்தைப் பார்த்ததும் அதற்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காத தம்பி. நீ நல்லவன்தான். எறும்பு தின்னதெல்லாம் நான் பெருசா எடுத்துக்கல. ஆனா நீயே சொல்லு, நீ இருந்தவரைக்கும் பாலம் வரல. உன்ன அனுப்பினாங்க, அன்னிக்கே வந்துருச்சு."

சுருளாண்டி யோசித்துப் பார்த்தது. முள்ளாச்சி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆமாக்கா என்றது.

நீதி: ஒரு நல்ல காரியம் நடந்தே தீர வேண்டுமானால், அதற்காகப் பாடுபடுகிறவரை முதல் வேலையாகப் பதவியிலிருந்து நீக்கிவிட வேண்டும்.